காணியை விற்க வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள்

கேள்வி: நான் திருமணமாகி, கணவரின் ஸ்பொன்சரில் கனடா வந்து, 2021 இல் நிரந்தர வதிவிடம் பெற்றேன். ஸ்காபுறோவில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள் உண்டு. மூன்றாவது குழந்தை சித்திரையில் பிறக்க இருக்கிறது. என் அப்பாவுக்கு வயது 74, ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்மாவுக்கு 69. இருவரும் சாவகச்சேரிக்கு அருகே சொந்த வீட்டில், இன்னும் திருமணமாகாத, 31 வயதான என் தங்கையுடன் வசிக்கிறார்கள். அப்பாவுக்குப் பல வருடங்களாக நீரிழிவு இருக்கிறது; அண்மையில் சிறுநீரகமும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருப்பதாக வைத்தியர் சொன்னாராம். அண்ணா பிரான்சில் இருக்கிறார். எனக்கும் கணவருக்கும் சேர்த்துக் கடந்த வருட வருமானம் 77,000 டொலர். அப்பா அம்மாவை நிரந்தரமாக இங்கே எடுக்க வழி உண்டா? வீட்டையும் காணியையும் விற்று, அந்தக் காசில் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். தெரிந்த ஒருவர், 12,000 டொலர் கொடுத்தால் பெற்றோர் ஸ்பொன்சர் பட்டியலில் பெயரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர், விசிட் விசாவில் கூப்பிட்டுவிட்டு அகதிக் கோரிக்கை போடலாம் என்கிறார். அப்பாவிடம் கேட்டால் ‘பார்ப்பம்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்கிறார் இல்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிரந்தர வதிவிடத்துக்கான வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாசல் உங்களுக்கு இப்போது திறந்திருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டால்தான் மற்றவற்றை ஆறுதலாக யோசிக்க முடியும். பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் திட்டத்தில், தகுதியுள்ள எவரும் நினைத்த நேரத்தில் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. 2019 ஜனவரியில் இணையத்தில் படிவத்தைத் திறந்தபோது 27,000 இடங்களும் சில நிமிடங்களுக்குள் நிரம்பிவிட்டன. மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களும், இணைய இணைப்பு சரியில்லாதவர்களும் வெளியே நின்றார்கள். அதனால் எழுந்த கசப்புக்குப் பிறகு, 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவங்களை வாங்கினார்கள். அதற்குப் பிறகு 2025 வரை அனுப்பப்பட்ட அழைப்புகள் எல்லாம் அந்த ஒரே பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவையே. 2024 இல் 35,700 பேருக்கும் 2025 இல் 17,860 பேருக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது. 2025 இல் ஏற்பதாக இருந்ததோ ஏறத்தாழ 10,000 விண்ணப்பங்களை மட்டுமே. நீங்கள் நிரந்தர வதிவிடம் பெற்றது 2021 இல் என்பதால், 2020 இல் படிவம் போட்டிருக்கவே முடியாது. கணவர் போட்டிருந்தாலும் அது அவருடைய தாய் தகப்பனுக்கே பொருந்தும், மாமன் மாமிக்குப் பொருந்தாது.

ஆகவே அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அதில் பெயரைப் புகுத்தவும் எவராலும் முடியாது. 12,000 டொலர் கேட்பவர் விற்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை வழங்க இந்த நாட்டில் உரிமம் வேண்டும்: சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது ‘கல்லூரி’ என்ற பெயரில் குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிவுபெற்ற உறுப்பினராக இருக்க வேண்டும், ஒன்ராறியோவில் சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற பராலீகலும் சில விடயங்களைச் செய்யலாம். இவர்களின் பதிவேடுகள் எவரும் பார்க்கக்கூடியவை. அவருடைய முழுப் பெயரையும் உரிம இலக்கத்தையும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பெரும்பாலும் அவரே உங்களைத் தேடமாட்டார்.

அகதிக் கோரிக்கை பற்றிச் சொன்னவர் உங்கள்மேல் உள்ள அக்கறையில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதன் விளைவை அவர் அறிந்திருக்கவில்லை. உண்மையான அச்சம் உள்ள ஒருவருக்குரிய பாதுகாப்பு அது. அப்படி எந்த அச்சமும் இல்லாத இரண்டு முதியவர்களை, அப்படி இருப்பதாகச் சொல்லச் செய்து படிவத்தில் கையொப்பமிட வைத்தால், கோரிக்கை பதிவாகும்போதே கடவுச்சீட்டு வாங்கி வைக்கப்படும். நிபந்தனையுடன் கூடிய வெளியேற்றக் கட்டளையும் எழுதப்படும். ஊரில் ஒரு செத்தவீடு என்றாலும் போய்விட்டுத் திரும்பி வர முடியாது. பொய்யுரைத்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் ஐந்து வருடங்களுக்குக் கனடாவின் கதவு மூடப்படும். ஒரு தலைமுறையையே வகுப்பறையில் நிறுத்தி உண்மை பேசப் பழக்கிய ஒருவரை, எழுபத்து நான்கு வயதில் விசாரணை மேசையின் முன்னே அந்த நிலையில் நிறுத்துவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி உங்களுக்குத் திறந்திருக்கும் வழிக்கு வருகிறேன். அது சுப்பர் விசா. 2011 டிசெம்பரில் தொடங்கிய இந்த விசா பத்து வருடங்கள் வரை பலமுறை வந்துபோக இடமளிக்கிறது. முன்பு ஒரு தடவை வந்தால் இரண்டு வருடங்கள் தங்கலாம் என்றிருந்தது. 2022 ஜூலை 4 முதல் அது ஐந்து வருடங்களாக்கப்பட்டது. அந்தக் காலம் முடியும் முன்னே இங்கிருந்தபடியே நீட்டிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். சாதாரண விசிட் விசாவில் வழக்கமாக ஆறு மாதமே தங்க விடுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய வசதி என்பது விளங்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் ஸ்பொன்சரில் வந்தாலும் ‘அம்மாவை எடுத்துவிட்டோம்’ என்கிறார்கள், சுப்பர் விசாவில் வந்தாலும் ‘எடுத்துவிட்டோம்’ என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. சுப்பர் விசாவில் வருபவர் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். அவருக்கு ஒன்ராறியோவின் சுகாதார அட்டை கிடையாது, முதியோர் கொடுப்பனவு கிடையாது, வேலை செய்ய அனுமதி கிடையாது, இருந்த வருடங்கள் நிரந்தர வதிவிடமாக மாறுவதும் கிடையாது. இதை விளங்கிக்கொண்டு திட்டமிட்ட குடும்பங்கள் இந்த விசாவில் நன்றாகவே இருக்கின்றன. விளங்காமல் ஊரில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தவர்கள், மூன்றாம் நான்காம் வருடத்தில் என் அலுவலகத்தில் வந்து அழுதிருக்கிறார்கள்.

வருமானத்தைப் பார்ப்போம். சுப்பர் விசாவுக்கு அழைக்கும் பிள்ளையின் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப ஆகக்குறைந்த வருமானம் ஒன்று உண்டு. நீங்கள், கணவர், இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று இன்று ஆறு பேர். 2025 ஜூலையில் புதுப்பிக்கப்பட்ட அட்டவணைப்படி ஆறு பேருக்கு 72,560 டொலர் வேண்டும். உங்கள் 77,000 அதற்குப் போதும். மூன்றாவது குழந்தை பிறந்ததும் நீங்கள் ஏழு பேராகிவிடுவீர்கள். ஏழு பேருக்கு வேண்டியது 80,784 டொலர். அப்போது உங்களுக்கு ஏறத்தாழ 3,800 டொலர் குறையும். அண்ணா பிரான்சிலிருந்து எவ்வளவு அனுப்பினாலும் அது இந்தக் கணக்கில் சேராது. அழைப்பவரின் வருமானமும், கூடக் கையொப்பமிடும் கணவன் அல்லது மனைவியின் வருமானமும் சேரும். ஆகவே குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், இந்த மாதமே தயாராகத் தொடங்குங்கள். முடிவு வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதை மறைக்காமல் அறிவிக்க வேண்டும். அந்த நிலை வரக்கூடும் என்பதால் கணவர் மேலதிக நேரம் வேலை செய்ய முடியுமா, அவருக்குச் சம்பள உயர்வு கிடைக்க இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். புதிய சம்பளத்தைக் காட்டும் வேலைக் கடிதமும் சம்பளச் சிட்டைகளும் வருமானச் சான்றாக ஏற்கப்படுகின்றன. நீங்கள் மகப்பேற்று விடுமுறையில் பெறும் கொடுப்பனவுச் சிட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. கணவர் தன் பக்கத்தில் எவரையாவது முன்பு ஸ்பொன்சர் செய்து, அந்தப் பொறுப்பேற்பு இன்னும் முடியாமல் இருந்தால் அவர்களும் இந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். அதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அட்டவணை வருடந்தோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் உள்ள தொகையையே பின்பற்றுங்கள்.

பேறுக்கு உதவியாக அம்மா வருகிறார் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதலாமா, எழுதினால் வேலைக்கு வருகிறார் என்று நினைத்து மறுத்துவிடுவார்களா என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது. எழுதலாம். சம்பளம் இல்லாமல், மகளின் பிள்ளையைத் தாய் பார்த்துக்கொள்வது வேலையாகக் கருதப்படாது என்பதற்குத் திணைக்களத்தின் சொந்த வழிகாட்டலிலேயே இதே உதாரணம் இருக்கிறது. உண்மையான காரணத்தை உள்ளபடி சொல்லும் கடிதம்தான் அலுவலரின் மனதில் நிற்கும். அதில் பெற்றோர் தங்கும் காலம் முழுவதும் அவர்களின் செலவை ஏற்பதாக நீங்கள் உறுதி கூற வேண்டும், வீட்டில் இருப்பவர்களின் விபரத்தை எழுத வேண்டும், உங்கள் நிரந்தர வதிவிட அட்டையின் அல்லது குடியுரிமைச் சான்றிதழின் பிரதியை இணைக்க வேண்டும்.

இவையெல்லாம் காகித வேலைகள். ஒழுங்காகச் செய்தால் முடிந்துவிடும். உங்கள் விடயத்தில் என்னை யோசிக்க வைப்பது அப்பாவின் சிறுநீரகம்.

சுப்பர் விசாவுக்குக் கனடா அங்கீகரித்த வைத்தியரிடம் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் முக்கியமாக இரண்டு விடயங்களைப் பார்க்கிறார்கள்: தொற்றும் நோய் உண்டா என்பது ஒன்று, கனடாவின் சுகாதார, சமூக சேவைகளுக்குப் பெரும் செலவு வைக்கக்கூடிய நோய் உண்டா என்பது மற்றது. செலவுக்கான எல்லை 2025 இல் வருடத்துக்கு 27,162 டொலர். நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் இந்த எல்லைக்கு அருகிலும் போவதில்லை. சிறுநீரகம் ஓரளவு பாதிக்கப்பட்டு, மருந்தில் கட்டுப்பட்டிருக்கும் நிலையிலும் பெரும்பாலும் பிரச்சினை வராது. இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்படும் கட்டத்தை நெருங்கியிருந்தால் நிலைமை வேறு. ‘கொஞ்சம் பாதிப்பு’ என்று தொலைபேசியில் கேட்டதை நம்பி முடிவெடுக்காமல், கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனையின் அறிக்கையை வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது காப்புறுதி. ஆகக்குறைந்தது 100,000 டொலருக்கு, நாட்டுக்குள் வரும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்குக் குறையாமல், வைத்தியசாலைச் செலவையும், தேவைப்பட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்புறுதி ஒவ்வொருவருக்கும் வேண்டும். கட்டண மதிப்பீட்டுக் காகிதத்தை ஏற்கமாட்டார்கள். காசு கட்டியிருக்க வேண்டும், அல்லது முற்பணம் கட்டித் தவணை ஒழுங்கு செய்திருக்க வேண்டும். கனேடிய நிறுவனங்களிடமே வாங்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 28 இல் தளர்த்தப்பட்டது. கனடாவின் நிதி நிறுவன மேற்பார்வை அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனத்தின் காப்புறுதியும் இப்போது செல்லும். ஊரிலுள்ள எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம் என்று இதற்குப் பொருளில்லை.

விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்பது இந்த இடத்தில்தான். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தாயார் சுப்பர் விசாவில் வந்திருந்தார். காப்புறுதி வாங்கும்போது மகள் தொலைபேசியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விக்கு, ‘அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே, மருந்தோடு கட்டுப்பட்டு இருக்கிறது’ என்ற எண்ணத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார். ஏழாம் மாதத்தில் தாயார் பக்கவாதத்தால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். காப்புறுதி நிறுவனம் முன்னைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டது. ஊரில் மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் கிளினிக் கொப்பியைத் தாயார் பயணப் பையிலேயே வைத்திருந்தார். மூலை மடிந்து, பிளாஸ்ரிக் உறை போட்ட கொப்பி. வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் மாத்திரையின் அளவைக் கூட்டியதை வைத்தியர் அதில் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார். இழப்பீடு மறுக்கப்பட்டது. அந்தக் குடும்பம் வைத்தியசாலைக் கட்டணத்தைத் தவணை போட்டுக் கட்டியது.

ஆகவே உங்கள் அப்பாவின் கிளினிக் கொப்பிதான் இந்த விண்ணப்பத்தின் மிக முக்கியமான ஆவணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்பே இருக்கும் நோய்களையும் ஏற்கும் காப்புறுதி உண்டு. அதன் கட்டணம் கூடுதலாக இருக்கும், ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட காப்புறுதியிலும் நோய் ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கால எல்லை இருக்கும். நிறுவனத்தையும் வயதையும் பொறுத்து அது சில மாதங்களாக இருக்கலாம். அந்தக் காலத்தில் புதிய மருந்து தொடங்கியிருந்தாலோ, மருந்தின் அளவு மாறியிருந்தாலோ, புதிய பரிசோதனைக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ நிலையாக இல்லை என்று கொள்வார்கள். அளவைக் குறைத்ததைக்கூட மாற்றமாக எண்ணும் ஒப்பந்தங்கள் உண்டு. இதற்காக அப்பா வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து மாறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஒப்பந்தத்தில் ‘நிலையான நோய்’ என்பதற்கான வரைவிலக்கணத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்டு, கொப்பியில் உள்ள திகதிகளோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விசா மறுக்கப்பட்டால் காசு திரும்பக் கிடைக்குமா, இழப்பீடு எதுவும் கோராமல் வருடம் முடியும் முன்னே ஊருக்குத் திரும்பினால் மீதி மாதங்களுக்கான காசு கிடைக்குமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இந்தக் காப்புறுதி திடீர் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. மாதாந்த மாத்திரை, வழக்கமான இரத்தப் பரிசோதனை, பல், கண்ணாடி என்பவற்றை உங்கள் கையிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் வேலையிடத்துக் காப்புறுதியில் பெற்றோரைச் சேர்க்கவும் முடியாது. மாதம் எவ்வளவு ஆகும் என்பதை விண்ணப்பிக்கும் முன்னர் நீங்களும் கணவரும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

காணி விடயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மனைவியின் பெற்றோரைத் தன் வீட்டில் வைத்திருக்க ஆயத்தமாக இருப்பவர் அவர். ஆனாலும் விற்க வேண்டாம். விசா கொடுக்கும் அலுவலர், இவர்கள் அனுமதித்த காலம் முடிந்ததும் திரும்பிப் போவார்களா என்று பார்க்கிறார். காணி உறுதி, சொந்த வீடு, அப்பாவின் ஓய்வூதியம், ஊரில் இருக்கும் மகள் எல்லாம் திரும்பிப் போக இடமும் காரணமும் உண்டு என்பதற்கான சான்றுகள். விண்ணப்பத்துக்கு முன்னரே வீட்டை விற்றுவிட்டு, விற்ற காசை வங்கிப் புத்தகத்தில் காட்டினால், திரும்பிப் போக இவர்களுக்கு இடமில்லை என்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்தக் காசை விரும்பியபடி கனடாவுக்குக் கொண்டுவரவும் முடியாது. இலங்கையின் அந்நியச் செலாவணிச் சட்டம் அதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

அதைவிட, அந்த வீட்டில் உங்கள் தங்கை இருக்கிறாள். அவளைச் சுப்பர் விசாவில் சேர்க்க முடியாது. தாய் தகப்பனுக்கும் பாட்டன் பாட்டிக்கும் மட்டுமே அது உரியது. முப்பத்தொரு வயதில் அவள் எந்த ஸ்பொன்சரிலும் தங்கிவாழும் பிள்ளையாகச் சேரவும் மாட்டாள், அதற்கான எல்லை 22 வயதுக்குக் குறைவு. உங்கள் ஊர் வழக்கத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்: பெற்றோர் வாழும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வீடு. உங்களுக்குரியது ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்குமானால், மிச்சமிருப்பது அவளுடைய பங்கு. கடிதத்தில் தங்கையின் வயதைச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை. அப்பா அம்மா இங்கே வந்தால் அந்த வளவில் அவள் தனியாக இருப்பாளா, யார் துணைக்கு இருப்பார்கள் என்பதை அவளோடு நேரடியாகக் கதையுங்கள். அப்பாவின் ‘பார்ப்பம்’ என்ற சொல்லுக்குள் பாதி அவளாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் ஓய்வூதியம் தடைப்படாமல் இருக்க வருடந்தோறும் உயிர்வாழ் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டும். அதை எப்படி அனுப்புவது என்பதைப் புறப்படுவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தில் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஆவணங்களில் நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தமிழில் இருக்கும். உங்கள் கனேடிய ஆவணங்களில் அதே பெயர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். அப்பாவின் கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாக இருக்கும். இவர்தான் அவர் என்று நமக்குப் பார்த்ததும் தெரியும். வேறொரு நாட்டில் இருந்து கோப்பைப் பார்க்கும் அலுவலருக்குத் தெரியாது. பிறப்பு அத்தாட்சியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்தமைப்பைக் காட்டுங்கள். வேறுபாடு இருக்குமானால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். சிறிய செலவு, பல மாதத் தாமதத்தைத் தவிர்க்கும்.

கடவுச்சீட்டின் காலாவதித் திகதியையும் பாருங்கள். விசா பத்து வருடம் வரை கிடைக்கலாம் என்றாலும் அது கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டாது, தங்க அனுமதிக்கும் காலமும் தாண்டாது. இரண்டு வருடமே மிச்சம் இருக்கும் கடவுச்சீட்டோடு விண்ணப்பித்துவிட்டு, ஐந்து வருடம் தரவில்லையே என்று வருந்தியவர்கள் உண்டு. முன்பு கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டதால் அப்பாவுக்கு இப்போது அந்த அலைச்சல் இல்லை. விசா விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 100 டொலர். கைரேகைக்கும் படத்துக்கும் தனியாக ஒருவருக்கு 85 டொலர், ஒரே குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் மொத்தம் 170 டொலர்.

விசா மறுக்கப்பட்டால் அத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. அலுவலர் எழுதிய குறிப்புகளைக் கேட்டுப் பெற்று, குறையை நிவர்த்தி செய்து, மீண்டும் விண்ணப்பிக்கலாம். முடிவு நியாயமற்றது என்று தோன்றினால் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போக 60 நாட்கள் உண்டு. அதற்குச் சட்டத்தரணியிடம் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.

அவர்கள் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் நாளைப் பற்றியும் ஒன்று. அழைப்புக் கடிதத்தின் பிரதியும் காப்புறுதிப் பத்திரமும் கையில் எடுத்துவரும் பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது. எத்தனை காலம் தங்கலாம் என்பதை அங்கே நிற்கும் எல்லை அலுவலரே முத்திரையிடுகிறார். முத்திரையில் திகதி எழுதப்படாவிட்டால், அது ஆறு மாதம் என்று பின்னர் பொருள்கொள்ளப்படலாம். ‘சுப்பர் விசா, ஐந்து வருடம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதி, காப்புறுதிப் பத்திரத்தோடு சேர்த்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நீண்ட பயணத்தின் முடிவில் அப்பாவுக்கு அதை விளக்கிச் சொல்லத் தெம்பு இருக்காது.

அப்பாவின் ‘பார்ப்பம்’ பற்றி என் அபிப்பிராயத்தையும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடத் தொழிலில், வர விருப்பமில்லாத தகப்பன்மார் பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று சொல்லும் சொல்லாகவே அதைப் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். விடிய எழுந்து வளவைக் கூட்டி, சந்தைக்குச் சைக்கிளில் போய், பின்னேரம் கோவில் வீதியில் நாலு பேரோடு கதைத்துப் பழகிய ஒருவருக்கு, பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பதினோராம் மாடியில் யன்னலடியில் இருக்கும் தை மாதம் மிகவும் நீளமானது. ஆகவே ‘நிரந்தரமாக வாருங்கள்’ என்று அவரைக் கேட்காதீர்கள். ‘குழந்தை பிறக்கும்போது வாருங்கள், கோடை முடிய, குளிர் தொடங்கும் முன்னே போய்விடலாம்’ என்று கேளுங்கள். சுப்பர் விசா இதற்குத் தடையில்லை. பிறகு எப்போதும் திரும்பி வரலாம், ஒவ்வொரு தடவையும் செல்லுபடியாகும் காப்புறுதி மட்டும் கையில் இருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் அவருக்கு இந்த இடம் ஒத்துவருகிறதா, அவருடைய உடம்பு எப்படி இருக்கிறது, உங்கள் வீட்டில் ஏழு பேர் இருக்க இடம் போதுமா என்பதெல்லாம் உங்களுக்கும் அவருக்கும் தெரிந்துவிடும். அம்மா மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் நிற்க விரும்பினால் நிற்கலாம்.

நிரந்தரத் திட்டம் மீண்டும் எல்லோருக்கும் திறக்கப்படும் நாளுக்காகச் செய்து வைக்கக்கூடியது ஒன்று உண்டு. அதற்குத் தொடர்ந்து மூன்று வரி வருடங்களின் வருமானம், வழக்கமாகச் சுப்பர் விசா எல்லையைவிட 30 வீதம் கூடுதலாக, வரி மதிப்பீட்டு அறிவித்தலில் காட்டப்பட வேண்டும். கையில் காசாக வாங்கும் சம்பளம் அங்கே ஒரு சதத்துக்கும் உதவாது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் பெற்றோருக்கான பொறுப்பேற்பு இருபது வருடங்கள். இடையில் வேலை போனாலும், குடும்பத்தில் பிரிவு வந்தாலும் அதிலிருந்து விலக முடியாது. அந்த நாள் வரும்போது கணவரும் நீங்களும் இதைச் சேர்ந்து யோசியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே. அப்பாவின் கிளினிக் கொப்பியில் கடந்த பன்னிரண்டு மாதப் பக்கங்களையும், கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் தங்கையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படமெடுக்கும் சாட்டில் அவளோடும் ஆறுதலாகக் கொஞ்ச நேரம் கதையுங்கள். படங்கள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அப்பாவுக்கு எந்த வகைக் காப்புறுதி பொருந்தும், சித்திரைக்கு முன்னர் அவரைப் பயணம் செய்யச் சொல்லலாமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.